தோளில் 23 மில்லிமீட்டர்

டயரின் இடது தோள் (தரையில் படும் ரப்பரும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்), ஐந்தாம் பிரிவு, 23 மில்லிமீட்டர். டயருக்குள் பிளவு தேடும் லேசர் மெஷினின் திரையில் ஒரு மடல் கறுப்பாகவும் ஒரு மடல் வெளுப்பாகவும், நடுவில் இடுங்கி நிற்கும் அந்த உருவத்தை எங்கள் ஆட்கள் பட்டாம்பூச்சி என்பார்கள். தோளுக்கு எங்கள் ஆலை வைத்திருக்கும் வரம்பு 20. டயர் 295/80ஆர்22.5, லாரியின் பின்னச்சில் ஓடியது, ஏற்கெனவே ஒருமுறை செலுப் ஆனது, அதாவது தேய்ந்த டிரெட்டைச் சீவிவிட்டு (டிரெட் என்பது தரையில் படும் ரப்பர்) புதிது ஒட்டியது. ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கும் சின்ன ஓனர் அவர். போனில் கேட்டுக்கொள்ளாமல், பிறையில் இருக்கும் எங்கள் செலுப் ஆலைக்கு நேரிலேயே வந்துவிட்டார். நான் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. டயரைச் சுற்றி வந்து தோளைக் கையால் தடவிப் பார்த்தார்.

"காத்து இறங்கல, வீங்கல, வெடிப்பு இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணக் காட்டி வேணாம்னு சொல்றீங்களே தம்பி."

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்துட்டா மெஷினே தேவையில்லண்ணே."

"சரி. 23ன்னு எழுதியிருக்கீங்க. அது 23தானா?"

"மெஷின்ல 23ண்ணே."

பதில் சரியானதுதான். இருந்தாலும் அவர் கேட்டது டயருக்குள் இருக்கும் பிளவின் அளவை. நான் சொன்னது திரையில் இருக்கும் குறியின் அளவை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது ஷியரோகிராஃபி மெஷின் முன்னால் உட்காரும் யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

மெஷின் செய்வது இதுதான். ரிம் இல்லாத வெறும் டயரை அறைக்குள் படுக்க வைத்து மூடி, உள்காற்றை உறிஞ்சி அழுத்தத்தை 50 மில்லிபார் அளவு குறைக்கிறோம். ரிம் இல்லாததால் டயரின் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். டயர் மொத்தமாக உப்புவதற்குக் காரணம் இல்லை. ஆனால் ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே எங்காவது காற்று மாட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பழைய அழுத்தம் அப்படியே இருக்கும். அது விரிந்து மேல்பரப்பைத் தள்ளும். 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளவு என்றால் தள்ளும் விசை ஒன்றரை நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 160 கிராம் எடை. டிரெட்டுக்கு அடியில் கம்பி அடுக்குகளாகப் பெல்ட் போட்ட டயரை 160 கிராம் என்ன செய்துவிடும்? மைக்ரோமீட்டர் கணக்கில் ஒரு மேடு. அதைப் பார்க்கத்தான் லேசர்.

லேசர் ஒளி ரப்பர் பரப்பில் பட்டதும் பொடிப்பொடியான புள்ளிக்கோலமாகச் சிதறும். அதைக் கேமராவுக்குள் நுழையுமுன் இரண்டாகப் பிரித்து, இரு கண்ணாடிகளில் ஒன்றைச் சற்றே சாய்த்துவைத்து, அதே பரப்பின் இரண்டு பிம்பங்களைச் சில மில்லிமீட்டர் விலக்கி ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைக்கிறோம். அந்த விலகல்தான் ஷியர். இன்னொரு கண்ணாடி பீசோ துண்டின் மேல் (மின்னழுத்தம் கொடுத்தால் துளியளவு நீளும் பொருள்) உட்கார்ந்து, அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்காக நகர்ந்து நான்கு படம் எடுக்கக் கொடுக்கும். காற்றை உறிஞ்சுமுன் நான்கு, உறிஞ்சியபின் நான்கு. இரண்டையும் கழித்தால் பரப்பு எங்கே சரிந்தது என்பது தெரியும். 660 நானோமீட்டர் சிவப்பு லேசரில், ஷியர் தூரத்தில் உள்ள இரு புள்ளிகளின் உயரம் 330 நானோமீட்டர் வேறுபட்டால் படத்தில் கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் போய்த் திரும்பும் ஒரு முழு வரி. மேட்டின் ஒரு பக்கம் ஏறுமுகம், மறுபக்கம் இறங்குமுகம். ஒரு மடல் கறுப்பு, ஒரு மடல் வெளுப்பு ஆவதன் காரணம் இதுவே.

1970களில் லீண்டர்ட்ஸும் பட்டர்ஸும், பிறகு ஒய்.ஒய். ஹங்கும் இந்த முறையை வளர்த்தார்கள். அதற்கு முன் டயரை ஹோலோகிராஃபியால் சோதித்தபோது அதிர்வு புகாத கனத்த மேடை வேண்டியிருந்தது. பரப்பை அதன் பக்கத்துப் புள்ளியோடே ஒப்பிடும் ஷியரோகிராஃபிக்கு அவ்வளவு வேண்டாம். பக்கத்தில் பழைய டிரெட்டைச் சீவும் பஃபிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் மாதிரி ஆலையில் இது பெரிய விஷயம்.

இப்போது அந்த 23. எங்கள் மெஷினில் ஷியர் 6 மில்லிமீட்டர், சுற்றுவாக்கில். பிம்பம் இரட்டிப்பதால் குறி அந்தத் திசையில் அவ்வளவு நீண்டு தெரியும். கழித்துப் பார்த்தால் 17. அப்படியானால் டயர் வரம்புக்குள் வந்துவிடுகிறதே என்று தோன்றும். வராது. 20 என்ற வரம்பே திரையில் தெரியும் அளவுக்காக வைத்தது. கழித்த எண்ணை கழிக்காத வரம்போடு ஒப்பிட்டால் பேசாமல் வரம்பை 26 ஆக்கிவிட்டதாகவே அர்த்தம்.

17ஐயும் அப்படியே நம்ப முடியாது. எங்கள் கேமரா தலைகள் டயரின் உட்புறத்து ரப்பர்ப் படலமான லைனரைப் பார்க்கின்றன. பிளவின் மேடு கம்பிகளைத் தாண்டி, லைனரைத் தாண்டி மேலே வரும்போது பரந்து மழுங்கிவிடுகிறது. அதனால் குறி நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியலாம். அதே மேட்டின் ஓரம் மெல்லச் சரிவதால் கடைசிச் சில மில்லிமீட்டர் படத்தின் தாறுமாறான புள்ளிகளில் மூழ்கிப்போகும். அதனால் சிறிதாகவும் தெரியலாம். அழுத்தத்தை 30 மில்லிபார் மட்டும் குறைத்தால் குறி சுருங்கும். கூடுதலாகக் குறைத்தால் விரியும். அதற்கும் மேல் போனால் வரிகள் நெருங்கிப் புள்ளிக்கோலமே பொருந்தாமல் படம் உதிர்ந்துவிடும். கர்சரை மடலின் எந்த ஓரத்தில் வைப்பது என்பதில்கூட ஆளுக்கு ஆள் ஓரிரு மில்லிமீட்டர் மாறும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாமா? சொன்னால், "அப்ப உங்களுக்கே தெரியாது" என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். அது உண்மையில்லை. குறி இருக்கிறது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. டயரைக் கால் சுற்று திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். குறியும் டயரோடு கால் சுற்று திரும்பியது. லென்ஸ் அழுக்கோ தலையின் கோளாறோ என்றால் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். முதல் படத்துக்கு முன் டயர் அசையாமல் கிடந்து அடங்கவும் விட்டேன்; ரப்பர் தூக்கி வைத்ததும் கொஞ்ச நேரம் தானாகவே மெல்ல நெகிழ்ந்துகொண்டிருக்கும், அந்த நகர்வும் படத்தில் ஏறிவிடும்.

ஈரத்தையும் பார்த்தேன். இங்கே பெய்யும் மழைக்கு டயர்கள் பாதி நேரம் தண்ணீரோடுதான் வருகின்றன. கூரையில்லாமல் குவித்துவைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும். அப்படியும் பலர் வெளியிலேயே போட்டுவைக்கிறார்கள். லைனரில் நீர்ப்படலம் இருந்தால் அது வழியும், ஆவியாகும், பளபளக்கும். படம் முழுக்கப் புழுதி பறந்ததுபோல் ஆகும். காற்று ரொம்ப ஈரமாக இருந்தால் அழுத்தம் குறையும்போது குளிர்ந்து அறைக்குள் மூட்டம்கூடக் கட்டும். அதனால் நனைந்த டயரை ஒரு ராத்திரி உள்ளே வைத்து, லைனரைத் துடைத்துத்தான் ஏற்றுவோம். இந்த டயர் காய்ந்திருந்தது.

ஆக அளவெடுத்ததில் குறை இல்லை. என்னை உறுத்துவது அவருடைய அடுத்த கேள்வி.

"எதுக்கும் சீவிப் பாத்துட்டு முடிவு பண்ணா என்ன தம்பி?"

ஷியரோகிராஃபி நீள அகலம் சொல்லும், ஆழம் சொல்லாது. தோளில் பிளவு என்றால் இரண்டு இடத்தில் இருக்கலாம். பழைய டிரெட்டுக்கும் மேல் பெல்ட்டுக்கும் நடுவே இருந்தால், பஃபிங்கில் பழைய ரப்பரைச் சீவும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். கேஸிங், அதாவது டிரெட் நீங்கலான டயரின் உடம்பு, நல்ல கேஸிங்தான். வேலை செய்யும் இரண்டு பெல்ட்டுகளின் ஓரத்தில் இருந்தால் கதையே வேறு. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த இரண்டு கம்பி அடுக்குகளும் எதிரெதிராக இழுக்கும் இடம் அது. சூடு ஏறும் இடமும் அதுதான். காற்று குறைவாக, சுமை அதிகமாக, உச்சிவெயிலில் நெடுஞ்சாலையில் ஓடினால் பிளவு சுற்றுவாக்கில் நீளும். ஒருநாள் டிரெட் பெல்ட்டோடு கழன்று பறக்கும். பின்னால் வருவது மோட்டார்சைக்கிளாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

உருவம் மழுங்கலாக இல்லாமல் ஓரம் கூர்மையாக இருந்தது. உள்ளேயிருந்து பார்க்கும் தலைக்கு அவ்வளவு கூர்மையாகத் தெரிந்தால் பிளவு உள்பக்கம் நெருங்கி, அதாவது பெல்ட்டுகளுக்கு நடுவே இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். எங்கள் நடைமுறையில், சீவுமுன் தோளில் வரம்பு தாண்டிய குறி கண்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. சீவியபின் ரிஜெக்ட் செய்தால் வாடிக்கையாளருக்கு மொட்டை டயரைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். பஃபிங் கூலி யார் தலையில் என்ற சண்டை வரும். இன்னொன்றும் உண்டு. சீவிவிட்ட கேஸிங்கை எப்படியாவது பாஸ் பண்ணிவிடலாம் என்று கை போகும். நடைமுறை அந்தச் சபலத்துக்கு இடம் வைக்கவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

"ரூல் அப்படிண்ணே" என்றேன்.

இருந்தாலும், நஷ்டம் என் பொறுப்பு, சீவுங்கள் என்று ஒரு மனிதர் முன்வந்து நிற்கும்போது அந்தக் காரணங்களில் எது மிஞ்சுகிறது? முதலாவது போய்விடுகிறது. இரண்டாவது அவரைப் பற்றியதே அல்ல, எங்களைப் பற்றியது. சீவி, மறுபடி ஸ்கேன் செய்து, குறி இருந்தால் அவர் கண் முன்னாலேயே ஸ்கைவிங் கத்தியால் திறந்து காட்டியிருக்கலாம். திறந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை: பிளவுக்குள் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், பித்தளை முலாம் போன கம்பி கறுத்தோ துருப்பிடித்தோ கிடக்கும். அதைப் பார்த்தபின் எந்த ஓனரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

அவர் டயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கழிவு விலைக்கு நாங்களே வாங்கி, இனி ஓட முடியாதபடி பீட்டை (ரிம்மில் உட்காரும் கம்பி வளைய ஓரம்) வெட்டிப்போடுகிறோம் என்று சொன்னேன். கழிவு விலைக்கும் ஓடக்கூடிய கேஸிங்கின் விலைக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியாதா? "என் பொருள் தம்பி" என்றார். உண்மைதான். ரிஜெக்ட் என்று மஞ்சள் சாக்பீஸ் கிரேயானில் எழுதுவதற்குத்தான் எனக்கு அதிகாரம், அழிப்பதற்கு இல்லை.

பிறகு கேள்விப்பட்டேன்: மெஷின் இல்லாத வேறொரு கடையில் செலுப் போட்டு, டிரெய்லர் அச்சில் மாட்டியிருக்கிறார். அவரையே ஒருநாள் பார்த்தபோது கேட்டேன். "ஓடுது தம்பி, ஒண்ணும் ஆகல." குத்திக்காட்டும் குரல் இல்லை, நல்ல செய்தி சொல்வதுபோல்தான் சொன்னார்.

ஒரு டயர் ஓடுவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. பிளவு டிரெட்டுக்கு அடியில் இருந்து அந்தக் கடையின் பஃபிங்கிலேயே போயிருக்கலாம். அப்படியானால் நான் ஒரு நல்ல கேஸிங்கைத் தள்ளியிருக்கிறேன். பெல்ட்டுக்கு நடுவே இருந்து இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் என் ரிஜெக்டால் நடந்தது, வரம்பும் லேசரும் இருக்கும் ஆலையிலிருந்து இரண்டும் இல்லாத கடைக்கு ஒரு டயர் மாறியதுதான். எங்கள் ரிப்போர்ட் சுத்தம். சாலைக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால் பதில் இல்லை.

புதிதாக வரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்தப் படத்தையும் காட்டுகிறேன். கூடவே, மெஷின் சுத்தமாகக் காட்டினாலும் நம்பக்கூடாத இடங்களையும் சொல்வேன். ஆணி ஏறிய ஓட்டை வழியாகப் பிளவுக்கு வெளிக்காற்றோடு தொடர்பு இருந்தால், வாக்யூம் போடும்போது உள்காற்றும் சேர்ந்து வெளியேறிவிடும். மேடு எழாது, பட்டாம்பூச்சி வராது. அதனால் உயர் மின்னழுத்தத் தீப்பொறியால் ஓட்டை தேடும் சோதனையும் கூடவே வேண்டும். காற்றில்லாமல் ஓடி, பக்கச்சுவரில் கம்பிகள் களைத்துப்போன டயரிலும் பிளவு இல்லாதவரை ஷியரோகிராஃபிக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அதற்குக் கை, கண், விளக்கு, எக்ஸ்ரே. ஒட்டியும் ஒட்டாமலும் காற்றே இல்லாமல் இரண்டு அடுக்குகள் சேர்ந்து கிடக்கும் இடமும் அப்படித்தான். இந்த மாதிரி டயர்களை நாங்கள் பாஸ் போட்டு அனுப்பியிருக்க மாட்டோம் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அவருடைய டயரிலோ, காட்டியதை வைத்துத் தள்ளினேன்.

நாளைக்கே அதே குறி வந்தால் ரிஜெக்ட்தான் எழுதுவேன். சீவிப் பார்க்க எழுத்தில் சம்மதம் வாங்கும் ஒரு தாளை ஆலையில் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே இருப்பவர்கள் சபல வாதத்தையே திருப்பிச் சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த டயர் தேய்ந்து கழற்றும்போது எங்கே செலுப் போட்டாலும் பரவாயில்லை, முதலில் ஒரு தடவை இங்கே கொண்டுவாங்க, காசு வேண்டாம், ஸ்கேன் மட்டும். பக்கச்சுவர் எண்ணும் பழைய படமும் கோப்பில் இருக்கின்றன. எண்ணெழுத்தை வைத்து அதே இடத்தை நேராகக் கண்டுபிடித்துவிடலாம். "பாப்போம் தம்பி" என்றார். இன்னும் வரவில்லை.