ஒற்றைப் பெண் மரம்

செங்கோட்டை, 2023 மார்ச் 12

கொல்லையில் அம்மா வைத்த மதனகாமப்பூ மரம், பனை மாதிரி தலைவிரித்து நிற்கும் சைக்கஸ் வகை, மறுபடி சூல்விட்டிருக்கிறது. உச்சியில் பழுப்பு நிறச் சூலிலைகள், அதாவது விதையாகப் போகும் சூல்களைத் தாங்கும் இலைகள், முட்டைக்கோஸ் மாதிரி மூடிக் கிடக்கின்றன. இதற்கு முன் மூன்று தடவையும் எல்லாம் பொக்குதான். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; பக்கத்தில் ஆண் மரம் இல்லாமல் விதை எங்கிருந்து பிடிக்கும்? சைக்கஸ் சர்சினாலிஸ் என்னும் இந்த இனத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் சொந்த ஊர், உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. அழியும் ஆபத்தில் இருக்கிற மரம், என் வீட்டில் ஆண்டாண்டாய் வெறுமனே காய்த்து உதிர்வதைப் பார்க்க மனசு ஆறவில்லை.

மார்ச் 19

அம்பாசமுத்திரத்தில் அண்ணாச்சி ஒருவர் தோட்டத்தில் ஆண் மரம் பூத்திருப்பதாகத் தகவல் வந்தது. ஓடினேன். மகரந்தம் தரும் ஆரஞ்சு நிறக் கூம்பு, செதில்கள் அப்போதுதான் விரிகின்றன, வாசனை தலையைக் கிறுகிறுக்க வைத்தது.

"நாட்டு மருந்துக்கு வேணும்னு நேத்துகூட ஒருத்தர் கேட்டாரு தம்பி. குடுக்கலை" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்துக்காகக் காட்டில் கூம்பை மகரந்தம் உதிருமுன்பே அறுத்துவிடுகிறார்கள். மரம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் சுற்றியுள்ள பெண் மரங்களுக்கு அந்த ஆண்டு போச்சு.

செய்தித்தாளை விரித்துக் கூம்பை மெல்லத் தட்டினோம். கடலைமாவைவிட நைசான மஞ்சள் தூள், இரண்டு கரண்டி இருக்கும். காகித உறையில் கட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21

சூலிலைகளுக்கு நடுவே பென்சில் நுழையும் அளவு இடைவெளி. விடியற்காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், சூல்களின் நுனியில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு துளி நீர். மகரந்தத்தைப் பிடித்து உள்ளே இழுப்பது அந்தத் துளிதான். ரப்பர் பல்பில் தூளை நிரப்பி நாலாபக்கமும் ஊதினேன். இன்னும் இரண்டு நாள் காலையில் இதையே செய்ய வேண்டும்.

ஜூன் 27

சாரல் தொடங்கிவிட்டது. காய்கள் கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக நிற்கின்றன. மகரந்தம் சேர்ந்தாலும் கருவுறுதல் உடனே நடக்காது, மாதக்கணக்கில் ஆகும். அப்போது விந்தணு நிஜமாகவே நீந்திப் போய்ச் சேர்கிறது. 1896இல் ஜப்பானில் இகெனோ என்பவர் சைக்கஸில் இதைக் கண்டார். காயைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவு.

ஜூலை 15

குருத்து வந்துவிட்டது, காய்க் கொத்தின் நடுவிலிருந்தே. சிற்றிலைகள் கடிகார வில் போலச் சுருண்டிருக்கின்றன. கூடவே அந்தக் குட்டி நீலப் பட்டாம்பூச்சியும் ஆஜர். அதன் புழுக்கள் ஒரே வாரத்தில் குருத்தை நரம்பாக்கிவிடும், எறும்புகள் காவல் வேறு. மருந்தடிக்க மாட்டேன், அதுவும் இந்த மண்ணின் உயிர்தானே. இலை முற்றும்வரை கொசுவலை கட்டியாயிற்று.

2024 ஜனவரி 9

31 காய்கள் பறித்தேன். ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஓட்டுக்குள் பஞ்சு போன்ற அடுக்கு இல்லை. நர்சரிகளில் இதே பெயரில் விற்கும் 'சைக்கஸ் ரம்பியை' என்ற வேற்று நாட்டு இனத்துக்கு அது இருக்கும், கடலில் மிதக்க உதவும். ஆக, நம்முடையது அசல் மலைநாட்டு மரம். பெரிய நிம்மதி.

கையுறை போட்டுச் சதையைக் கழற்றினேன். விதையில் நஞ்சு உண்டு, கேரளத்தில் ஈந்து என்று சொல்லும் இதே விதையின் மாவுக்குப் பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைப்பது அதனால்தான். மீதி 30-ஐத் தண்ணீரில் போட்டதில் 19 மூழ்கின, பொக்கு என்றால் மிதக்கும். மூழ்கிய அத்தனையும் ஆற்று மணலில் பாதி புதைய வைத்தாயிற்று.

மார்ச் 3

ஒரு நர்சரியில் பெடோமி என்னும் இன்னொரு சைக்கஸ் இனம் தருகிறேன் என்றார்கள். ஆந்திராவின் சேஷாசலம் மலையில் தோண்டியதாம், வேரெல்லாம் வெட்டுக்காயம். சர்வதேச வணிகமே தடைசெய்யப்பட்ட இனம் அது. வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன். வழி நெடுக அந்தக் கட்டை வேர்தான் கண்ணில் நின்றது.

ஆகஸ்ட் 18

ஏழு விதைகள் வெடித்து வெள்ளை வேர் விட்டிருக்கின்றன. ஒன்றில் முதல் இலையும் வந்துவிட்டது. ஆணா பெண்ணா என்பது கூம்பு விடும்வரை தெரியாது, பத்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். தொட்டிக்குத் தொட்டி தாய் மரம், தகப்பன் மரம், ஊதிய தேதி எழுதி வைத்தேன். மூன்று கன்றுகள் அண்ணாச்சிக்கு. அவருடைய மரமும் அங்கே ஒற்றையாகத்தான் நிற்கிறது.