தீபாவளி விடுப்பும் இலக்குச் சார்பும்

அக்டோபர் 11, 2025, சனி

விடுப்பு தொடங்கிவிட்டது. மலேசியாவில் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். அப்பாவுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான், எனக்கும் அப்படியே. பசியாறிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டம் போடுவது என் வேலை. மென்பொருள் கேட்கும் கட்டங்களை நிரப்புவோம்: எந்த உறுப்பு, எத்தனை கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), எத்தனை விழுக்காடு கன அளவு, என்ன முன்னுரிமை. பொத்தானைத் தட்டினால் திட்டம் வந்துவிடும். இடையில் அந்த எண்கள் என்ன கணக்காக மாறுகின்றன என்பது திரையில் தெரியாது. இந்த விடுப்பில் அதை நானே எழுதிப் பார்க்கப் போகிறேன்.

கருவி, மேட்ராட். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்துப் புற்றுநோய் ஆய்வு மையம் இலவசமாகத் தருவது. மேட்லேப் என்ற கணக்கு மொழியில் எழுதியது, அதன் இலவச மாற்றான ஆக்டேவிலும் ஓடும். ஆய்வுக்கும் படிப்புக்கும் மட்டும்தான். நோயாளிக்கு இதில் திட்டம் போடக் கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. வெளியே போக வழியில்லை, உட்கார்ந்து எழுதினேன்.

உடலைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டிக்கொள்கிறோம், அவை வோக்ஸல்கள். கதிர்க்கற்றையையும் மெல்லிய துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒரு துண்டைத் திறந்தால் எந்த வோக்ஸலில் எவ்வளவு டோஸ் விழும் என்பது ஒரு பெரிய அணியில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும். துண்டுகளின் வலிமையைக் கண்டுபிடிப்பதுதான் மிச்ச வேலை. வலிமை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பிராமே 1982-இல் இதைத் தலைகீழாகக் கேட்டார்: வேண்டிய டோஸ் இதுதான் என்றால், கற்றை எப்படி இருக்க வேண்டும்? இன்று நாங்கள் பார்க்கும் வேலை முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

‘வேண்டியது’ என்பதை ஒற்றை எண்ணாக்கித் தருவதுதான் இலக்குச் சார்பு. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு வோக்ஸலிலும் தாண்டிய அளவை வர்க்கப்படுத்து, கூட்டு, அந்த உறுப்பின் வோக்ஸல் எண்ணிக்கையால் வகு, எடையால் (அந்த உறுப்புக்கு நாம் தரும் முக்கியத்துவ எண்) பெருக்கு. எல்லா உறுப்புகளுக்கும் இப்படிச் செய்து மொத்தமாகக் கூட்டு. அந்த மொத்தத்தைக் குறைப்பதே கணினியின் வேலை.

இதில் ‘வகு’ என்ற படியைச் சும்மா கடந்துபோகக் கூடாது. தண்டுவடத்தில் 500 வோக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வோக்ஸல் வரம்புக்கு மேல் 10 கிரே போனால் தண்டனை 100/500, அதாவது 0.2. அதே மீறல் 5,00,000 வோக்ஸல் உள்ள ‘உடல்’ அமைப்பில் நடந்தால் 0.0002. இரண்டுக்கும் எடை 100 போட்டுவிட்டு ‘சமமாகத்தான் போட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அந்தச் சமம் கட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எடை எண்களைக் கடன் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

அக்டோபர் 14, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்திருந்தார். கன்னத்தின் உள்பக்கம் புற்று வந்து, அறுவை முடிந்து, கதிர்வீச்சும் எடுத்தவர். தோட்டத்தில் வெற்றிலை பாக்கு போடாத பாட்டியை நான் பார்த்ததில்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம் அதிகமாக இருப்பதற்கு அந்தப் பழக்கம் பெரிய காரணம்.

அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். முதல் ஈடு சூடாக வந்ததும் பெரியம்மாவுக்கு ஒன்று கொடுத்தார். அவர் அதை உடைத்து, தேத்தண்ணியில் போட்டு, கரண்டியால் அழுத்தி, கூழான பிறகுதான் வாயில் வைத்தார். மடியில் தண்ணீர்ப் போத்தல். “தண்ணி இல்லாம ஒரு பருக்கை உள்ள போகாது கண்ணு. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுக் குடிக்கணும்,” என்றார்.

காதுக்கு முன்னால் இருபுறமும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை காய்ந்தால் வாய் காயும். எந்த உறுப்பு எவ்வளவு டோஸ் தாங்கும் என்று திரட்டி 2010-இல் வந்த குவாண்டெக் தொகுப்பு சொல்லும் வழிகாட்டுதல்: இரண்டு சுரப்பிகளின் சராசரி டோஸும் 25 கிரேக்குக் கீழ், அல்லது ஒன்றையாவது 20-க்குக் கீழ் வைத்தால் உமிழ்நீர் பெரும்பாலும் தப்பும். பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வு 2011-இல் காட்டியதும் இதைத்தான். ஓராண்டு கழித்து, பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட வாய் வறட்சி. சுரப்பியைக் காப்பாற்ற, கற்றையின் வலிமையை இடத்துக்கு இடம் மாற்றும் செறிவு மாற்ற முறையில் 38.

அக்டோபர் 16, வியாழன்

இன்றைய வேலைதான் இந்த விடுப்பின் சாரம்.

பெட்டி வடிவில் ஒரு செயற்கை உடலை நிரலில் வரைந்தேன். கட்டியை நடுவில் வைக்காமல் வலப்பக்கம் தள்ளி, இருபுறமும் இரண்டு சுரப்பிகள். கட்டிக்கு 30 தவணைகளில் 60 கிரே. சுரப்பிகளுக்கு, ‘சராசரி 25-ஐத் தாண்டினால் தாண்டியதன் வர்க்கம்’ என்று சொந்தமாக ஓர் இலக்கு. மேட்ராடில் இதற்கு ஒரு வகுப்பை எழுதி உள்ளே இரண்டு செயற்கூறுகள் வைத்தால் போதும்: ஒன்று மதிப்பைத் தரும், மற்றது கிரேடியன்ட்டை, அதாவது வோக்ஸலின் டோஸ் சற்றே மாறினால் மதிப்பு எந்த வேகத்தில் மாறும் என்பதைத் தரும். ஒரு வோக்ஸலின் டோஸை 0.001 மாற்றி, மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று கிரேடியன்ட்டோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போயின.

ஓட விட்டேன். இடச் சுரப்பி 25-ஐ ஒட்டி நின்றுவிட்டது. கட்டியிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருப்பது இன்னும் எவ்வளவோ இறங்கியிருக்கலாம். வலச் சுரப்பியோ 25-க்கு மேலேயே நின்றது, கீழே வரவில்லை.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான். தண்டனை மீறலின் வர்க்கம் என்றால், அழுத்தம், அதாவது டோஸைக் குறைக்கச் சொல்லும் கிரேடியன்ட், மீறலின் இரு மடங்கு. சராசரி 35 இருக்கும்போது அழுத்தம் 20, 25.5-க்கு வந்தால் 1, 25-இல் பூச்சியம். வலப்பக்கம் வரம்பை நெருங்க நெருங்க அழுத்தம் தேய்கிறது; கட்டிக்கு டோஸ் வேண்டும் என்று எதிரே இழுக்கும் அழுத்தம் தேய்வதில்லை; அதனால் சமநிலை 25-க்கு மேலேயே அமைகிறது. இடப்பக்கம் வரம்பு எட்டியவுடன் அழுத்தமே இல்லை. அதற்குமேல் குறைக்க கணினிக்கு ஒரு காரணமும் கிடையாது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்ந்தவர். “அன்னைக்கு உள்ள கணக்கு முடிஞ்சிருச்சுன்னா எவன் இன்னொரு மரத்துக்குப் போவான்? அரிவாளைத் துடைச்சுட்டு வீட்டுக்கு வந்துருவோம்,” என்றார். அவ்வளவுதான் விஷயம். அப்புறம் பேச்சு தென்னமரம் எஸ்டேட்டுக்குத் தாவியது. இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வணிகத்துக்காக நட்டது இங்கே பக்கத்தில்தான், 1917-இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தக் கதையில் அப்பா இறங்கிவிட்டால் இரவுச் சாப்பாடு வரை மீள முடியாது.

ஆக, மருத்துவர் எழுதித் தரும் 25 என்பது பொறுக்கும் எல்லை. அதை அப்படியே இலக்குக் கட்டத்தில் போடுவது பரவலான பழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வரம்பைப் பூச்சியம் என்று வைத்து, வர்க்கத்தை விட்டுவிட்டு, சராசரியையே நேரடியாகத் தண்டனையாக்கிப் பார்த்தேன். அழுத்தம் எங்கேயும் தேயாது. இடச் சுரப்பி நன்றாக இறங்கியது.

அக்டோபர் 18, சனி

இன்று ஜி-இயூடி: ஓர் உறுப்பில் சீரற்று விழும் டோஸை, அதே விளைவைத் தரும் ஒற்றை டோஸாகச் சுருக்கும் வாய்பாடு. ஆண்ட்ஜெய் நிமியர்கோ 1997-இல் கொண்டுவந்த சம டோஸ் கருத்தின் பொது வடிவம். ஒவ்வொரு டோஸையும் ‘அ’ அடுக்குக்கு உயர்த்தி, சராசரி எடுத்து, ‘அ’ மூலம் காண வேண்டும். நான்கு வோக்ஸல்களில் 10, 20, 30, 40 கிரே என்றால், அடுக்கு 1-க்கு விடை 25, வெறும் சராசரி. அடுக்கு 8 என்றால் ஏறக்குறைய 34, உச்சத்தை நோக்கி நகர்கிறது. −8 என்றால் 11.9, அடிமட்டத்தை ஒட்டிவிடுகிறது.

ஒரே வாய்பாட்டில் மூன்று குணம். சுரப்பிக்கு 1 பொருந்தும்: பாதி செத்தாலும் மீதிப் பாதி உமிழ்நீர் சுரக்கும். தண்டுவடத்துக்குப் பெரிய எண்: ஓர் இடத்தில் அறுந்தால் அதற்குக் கீழே எல்லாம் போச்சு. கட்டிக்கு எதிர்மறை எண்: ஒரு மூலையில் டோஸ் குறைந்தால் அங்கிருந்து திரும்ப முளைக்கும். அடுக்கு 1-உம் அதற்கு மேலும் என்றால் சார்பு குவிந்தது, ஒரே ஒரு பள்ளம்தான்; எங்கிருந்து தொடங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். ‘20 கிரேக்கு மேல் வாங்கும் கன அளவு 30 விழுக்காட்டைத் தாண்டாதே’ என்பது போன்ற இலக்குகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நிரல் இல்லை. எண்ணெய்க் குளியல், கோயில், ஆட்டிறைச்சி, தூக்கம்.

அக்டோபர் 23, வியாழன்

தேயாத அழுத்தத்துக்கு ஒரு விலை இருக்கிறது. இடச் சுரப்பியை இழுத்துக்கொண்டே இருந்ததில் கட்டியின் ஓரம் குளிர்ந்துவிட்டது. குறித்த டோஸில் 95 விழுக்காடுகூட அங்கே எட்டவில்லை. எடையைக் கூட்டு, குறை, மறுபடி ஓட்டு. இந்த விளையாட்டுக்கு முடிவே இல்லை.

ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் ஐசைக்கிள் என்றொரு முறை உண்டு. எடையே வேண்டாம், வரிசை போதும் என்கிறார்கள். முதலில் கட்டி மட்டும். அது எட்டிய மதிப்பை, கொஞ்சம் தளர்வோடு, மீறக் கூடாத கட்டுப்பாடாகப் பூட்டு. அடுத்தது தண்டுவடம், அதையும் பூட்டு. அப்புறம் சுரப்பி. அதன் எளிய வடிவத்தை எழுதினேன்: ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய இலக்கைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றும் ஒரு சுழற்சி. ஓட நேரம் எடுக்கிறது, பரவாயில்லை. ‘முன்னுரிமை’ என்று கட்டத்தில் எழுதியிருப்பது இங்கேதான் உண்மையாகவே முன்னுரிமையாக இருக்கிறது. எடை 90-க்கும் 100-க்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று ஒரு மருத்துவரிடம் என்னால் விளக்க முடியாது. ‘கட்டி முதல், சுரப்பி மூன்றாவது’ என்றால் அவரே திருத்தித் தருவார்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாளை வேலை. மருத்துவமனை மென்பொருளில் வரிசை முறையை எழுத எனக்கு அனுமதி இல்லை. இலக்குக் கட்டங்களை மாற்றலாம். தலை கழுத்து வார்ப்புருவில் தூரத்துச் சுரப்பிக்கு 25 என்று இருப்பதைக் குழுவில் எடுத்துப் பேசப் போகிறேன். அது சராசரி 12 வரை இறங்கக்கூடிய நோயாளிக்கு 25-இல் நின்றாலும், திட்ட அறிக்கையில் பச்சை நிறம்தான் வரும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துச் சுரப்பிக்கு மருத்துவரின் பதில் தேவை: அதற்காகக் கட்டியின் ஓரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? ஒன்றுமே விடக் கூடாது என்றால் அந்த இலக்கையே எடுத்துவிட்டு, மிச்சமாகும் சுதந்திரத்தைத் தூரத்துச் சுரப்பிக்குக் கொடுக்கலாம். இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட, மேட்ராட் படங்களைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன்.