குடியை விட்ட பிறகுதான் நோயே பிடிபட்டது

போதை மீட்பு மையத்துக்குப் போனால், "முதல்ல குடியை விடுங்க, மனசு தானா சரியாயிடும்" என்பார்கள். மனநல மருத்துவரிடம் போனால், "குடிச்சுக்கிட்டு மாத்திரை சாப்பிட்டா வேலை செய்யாது, விட்டுட்டு வாங்க" என்பார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும், நடுவில் மாட்டியவன் பாடுதான் திண்டாட்டம். குடிக்காமல் இருந்தால் மனசு தாங்காது, மனசு தாங்காததால் குடி, குடித்துவிட்டதால் மனசுக்கு வைத்தியம் கிடையாது. சில வருடங்கள் இப்படியே ஓடின. ஒருவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இன்னொருவருக்குத் தெரியாது, இருவரிடமும் நான் பாதிதான் சொல்லியிருப்பேன்.

இரண்டையும் ஒரே குழு, ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கிற சிகிச்சை என்று ஒன்று இருப்பதை அக்காதான் தேடிக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு இடமாகப் போன் போட்டு மூன்றே கேள்வி கேட்டாள். உங்களிடம் முழுநேர மனநல மருத்துவர் இருக்கிறாரா? ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் வந்தால் அதைத் தொடர விடுவீர்களா, நிறுத்தச் சொல்வீர்களா? சிகிச்சை நடக்கும்போது திரும்பக் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு இடத்தில் "இங்க மாத்திரையே கிடையாதும்மா, மன உறுதிதான்" என்றார்கள், நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மூன்றாவது கேள்விக்கு "வெளியே அனுப்பிடுவோம்" என்று பெருமையாகச் சொன்ன இடங்களும் உண்டு. இடம் தேடுகிறவர்களுக்கு என் ஒரே யோசனை இந்த மூன்று கேள்விகள்தான். கட்டடம், தோட்டம், யோகா வகுப்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் மூன்றுக்கும் சரியான பதில் சொன்ன ஒரு இடத்தில் சேர்ந்தேன். சேர்வதற்கு முன்பே அவர்கள் சொன்னது, "வீட்டுல நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, இங்க வந்து நிறுத்துங்க." வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு நிறுத்திய ஆறேழு மணி நேரத்திலேயே ஆட ஆரம்பிக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரை சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், நேரம் இடம் எல்லாம் குழம்பும், உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. எனக்கு நடுக்கத்தோடு போயிற்று. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குகிற டயசெபாம் வகை மாத்திரையைக் கூடுதலாக ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்தார்கள். அதுவே பழகிவிடக்கூடிய மாத்திரை என்பதால் நர்ஸ் கையால்தான் தருவார், விழுங்கும்வரை நிற்பார். கூடவே தயமின் ஊசி, அதாவது பி1. குடிக்கிறவர்களுக்கு இந்தச் சத்து வற்றிப்போய் நினைவும் நடையும் நிரந்தரமாகவே கெடலாம் என்று நர்ஸ் சொன்னபோதுதான் அந்த ஊசிக்கு மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. டாக்டர் என் மனநோய்க்குப் பெயரே வைக்கவில்லை. "இப்ப உங்களுக்கு இருக்கிற சோர்வுல எது குடியோடது, எது உங்களோடதுன்னு எனக்கே தெரியாது. கொஞ்சம் தெளியட்டும்" என்றார். குடியால் வருகிற மனச்சோர்வு, குடியை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் வடிந்துவிடுமாம். வடியாமல் நின்றால் அது தனி நோய். காத்திருப்பது என்றால் சும்மா விட்டுவைப்பது என்று நினைக்க வேண்டாம். தினமும் யாராவது ஒருவர் நேருக்கு நேர் "சாகணும்னு தோணுதா" என்று கேட்பார். சுற்றி வளைக்காமல் அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, வீட்டில் எல்லோரும் அந்தச் சொல்லைத் தவிர்த்தே பேசிப் பழகியிருந்தார்கள். (இதைப் படிக்கிற யாருக்காவது அந்த எண்ணம் இப்போது இருந்தால் எந்த நாலு வாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.)

அந்த வாரங்களில்தான் ஒரு காகித வேலை. டாக்டர் ஒரு நீளமான தாளை மேஜையில் விரித்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். கோட்டின்மேல் என் வயது, பன்னிரண்டிலிருந்து. கோட்டுக்குக் கீழே குடி, பென்சிலால்: எந்த வயதில் ஆரம்பித்தது, எப்போது தினசரி ஆனது, எந்த மாதங்களில் விட்டிருந்தேன். மேலே மனநிலை: சுருண்டு படுத்த காலங்கள் பள்ளமாக, நன்றாக இருந்தவை சமமாக. எனக்கு மறந்த இடங்களை அக்கா நிரப்பினாள். பதினேழு வயதில் ஒரு பெரிய பள்ளம் விழுந்தது, பரீட்சை எழுதாமல் அறையிலேயே கிடந்த காலம். அதற்கு நேர் கீழே குடி வரிசை காலி. அப்போது நான் மதுவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. டாக்டர் அந்தக் காலி இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "குடிச்சுத்தான் கெட்டான்" என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்லிவந்த கதை அந்த வட்டத்தில் நிற்கவில்லை.

அப்புறம் எனக்கு ரொம்ப நன்றாக ஆகிவிட்டது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. குடி இல்லை, உடம்பு லேசு, மூளை பளிச்சென்று ஓடுகிறது. குழுக் கூட்டத்தில் நான் பேசினால் கைதட்டல். விடியுமுன் எழுந்து மற்றவர்களுக்கு அட்டவணை போட்டுத் தருவேன், வெளியே போனதும் தொடங்கப்போகிற தொழில் பற்றி நோட்டுகள் நிறைய எழுதினேன். குடியை விட்ட புதிதில் பலருக்கு இப்படி ஒரு மிதப்பு வரும், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. இரவு நர்ஸ் எழுதி வைக்கிற தூக்கக் கணக்கைப் பார்த்த டாக்டர் மட்டும் நிமிர்ந்தார். மூன்று நான்கு மணி நேரம்தான் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு என்றார். பழைய தாளை மறுபடி எடுத்தார். நாங்கள் "நன்றாக இருந்தான்" என்று சமமாகப் போட்ட இடங்களில் சிலவற்றை அக்கா இப்போது கொஞ்சம் தயங்கி மேலே ஏற்றினாள். அந்த மாதங்களில் கடன் வாங்கியிருந்தேன், வேலையைத் தூக்கி எறிந்திருந்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோருக்கும் போன் போட்டிருந்தேன். இருமுனை மனநிலைக் கோளாறு, பைபோலார், இரண்டாவது வகை என்று பெயர் வந்தது அப்படித்தான். மனநிலை சில காலம் பள்ளத்திலும் சில காலம் இப்படி ஒரு மிதப்பிலும் போய்வருகிற நோய்.

பெயர் வந்ததும் மருந்து மாறியது. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ளவர்களைச் சில நேரம் மேலே தூக்கிவிடும். முன்பு ஒருவர் தந்த மாத்திரையில் எனக்கு ஏன் உடம்பெல்லாம் பரபரத்தது என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது மனநிலையை ஏறாமல் இறங்காமல் பிடித்துவைக்கிற லித்தியம், கூடவே குடி வேட்கைக்கு நால்ட்ரெக்சோன். ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் நால்ட்ரெக்சோன் தந்தார்கள், அது உள்ளே இருக்கும்போது ஓபியம் வகை வலி மருந்து எதுவும் எடுக்கக் கூடாது என்று ஒரு அட்டையும் கொடுத்தார்கள். குடித்தால் வாந்தி எடுக்கவைக்கிற டைசல்ஃபிரம் வேண்டாம் என்றார் டாக்டர், மனநிலை நிலையாக இல்லாதவருக்கு அதைத் தர அவருக்கு மனமில்லை. லித்தியத்தில் அளவுதான் எல்லாம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 0.6இலிருந்து 1.0க்குள் இருக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் அளவு ஏறிவிடும், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையும் ஏற்றிவிடும். குடியும் உடம்பை வற்றவைக்கும். இப்படி ஒரு மருந்தைக் குடியைப் பற்றித் தெரியாத டாக்டர் எழுதித் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

1990இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், பைபோலார் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மது அல்லது போதைப்பொருள் பிரச்சினை இருந்தது தெரிந்தது. அவ்வளவு பேர் இரண்டும் சேர்ந்தே சுமக்கும்போது ஏன் இன்னும் இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

கவுன்சலிங்கில் எல்லோருக்கும் தருகிற பட்டியல் ஒன்று உண்டு: பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும் வந்தால் உஷார். நல்ல பட்டியல்தான். ஆனால் என் தினக்குறிப்பில் தூக்கம், மனநிலை, வேட்கை மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதவைத்தார் கவுன்சலர். சில வாரங்களில் தெரிந்தது, எனக்கு வேட்கை அதிகம் வருவது சோகத்தில் இல்லை, ஏறும்போது. மகிழ்ச்சி, புதுத் திட்டம், "ஒண்ணே ஒண்ணுதானே, இன்னைக்கு என்ன ஆயிடப்போகுது" என்கிற தெம்பு. அதனால் என் பட்டியலில் முதல் வரி "ரெண்டு ராத்திரி தூக்கம் குறைஞ்சா". அது நடந்தால் அக்கா டாக்டருக்குப் போன் செய்யலாம் என்று நான் நிதானமாக இருந்தபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "நீ கத்துனாலும் பண்ணுவேன்டா" என்றாள்.

வெளியே வந்த பிறகு போன சுய உதவிக் குழுவில் ஒரு பெரியவர், "மாத்திரையும் ஒரு போதைதானே தம்பி, அதையும் விட்டாத்தான் முழு விடுதலை" என்றார். நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொன்னார். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே, உறுப்பினர் யாரும் மற்றவரின் மருந்து விஷயத்தில் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று தன் வெளியீட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதைச் சொன்னேன், சிரித்துக்கொண்டார். அந்தக் குழுவுக்கு இன்னும் போகிறேன்.

நடுவில் ஒருமுறை குடித்தேன். மறுநாள் காலையே போன் செய்தேன், திட்டு விழவில்லை. முதலில் நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், அன்றைக்கே லித்தியம் அளவு பார்த்தார்கள், அப்புறம் குறிப்பேட்டைத் திறந்து அதற்கு முந்தைய வாரத் தூக்கத்தைப் பார்த்தோம். குறைந்திருந்தது. இரவு டோஸை மாற்றினார்கள், வாரத்தில் ஒரு கவுன்சலிங் கூடியது. பழைய மையமாக இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள்.

ஒரே ஒரு எரிச்சல் மிச்சம். லித்தியம் கையில் லேசான நடுக்கம் தரும். டீ கிளாஸைப் பிடிக்கும்போது எதிரில் இருப்பவர் பார்வை என் விரல்களுக்குப் போகும், ஆரம்பித்துவிட்டான் போல என்று முகத்திலேயே தெரியும். தெரிந்தவர் என்றால் மாத்திரைப் பெயரைச் சொல்லிவிடுவேன், மற்றவர்கள் என்ன நினைத்தாலும் சரி. சிறுநீரகம், தைராய்டு பரிசோதனை அடுத்த மாதம் வருகிறது. அப்போது நடுக்கத்துக்கு டோஸைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, நால்ட்ரெக்சோனை இன்னும் எவ்வளவு நாள் தொடர்வது என்று இரண்டையும் ஒரே டாக்டரிடம் கேட்க வேண்டும், குறித்து வைத்திருக்கிறேன்.