டெரிங் சுருளின் உடைமை வரலாற்றைத் தேடிய மூன்று மாதங்கள்

இடைக்கால இங்கிலாந்து வீரர்களின் குலச்சின்னக் கேடயங்கள் வரையப்பட்ட சுவடியான டெரிங் சுருள் எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்பதை ஒழுங்காகத் தொகுத்துத் தருமாறு என் ஆய்வு வழிகாட்டி கேட்டபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றே நம்பினேன். மூன்று மாதங்கள் ஆயின. இரண்டு பயணங்கள் முழுக்க வீணாயின. அதே வேலையில் இறங்கும் வேறெவருக்கும் அந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசிக் கட்டத்தில் சிரமமே இல்லை. 2007 டிசம்பரில் சதபீஸ் ஏலத்தில் சுருள் விலைபோனதும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல அரசு தற்காலிகத் தடை விதித்ததும், 2008இல் பிரிட்டிஷ் நூலகம் 1,94,184 பவுண்டுக்கு அதை வாங்கியதும் அச்சிலேயே கிடைக்கின்றன.

சிக்கல் பதினேழாம் நூற்றாண்டில் இருந்தது. 1270க்கும் 1280க்கும் இடையில் உருவான இந்தச் சுருள், டோவர் கோட்டைக் காவல் தலைவருக்குப் படைச்சேவை செய்யக் கடமைப்பட்ட வீரர்களோடு தொடர்புடையது என்று கருதப்படுகிறது. அந்தக் கோட்டையில் துணைத் தலைவராக இருந்த சர் எட்வர்ட் டெரிங்கின் கைக்குப் பிற்காலத்தில் அது வந்து சேர்ந்தது. அவர்தான் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் பிரதி ஒன்றை, 1630 மே 10 தேதியிட்ட கடிதத்தில் குறிப்பிட்டு, பழஞ்சுவடிகளைச் சேகரித்த சர் ராபர்ட் காட்டனுக்குக் கொடுத்தவர். கோட்டையின் பழந்தாள்களில் அவ்வளவு உரிமையோடு கைவைத்தவர் சுருளையும் அங்கிருந்தே எடுத்தாரா என்பதற்கு ஏதேனும் கடிதச் சான்று உண்டா என்று பார்க்கவே ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ஆனால் அதில் "டெரிங் குடும்பத் தாள்கள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். இரண்டு மணி நேர ரயில் பயணத்துக்குப் பிறகு முகப்பில் இருந்த எழுத்தர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, கட்டு எண் இல்லாமல் எதையும் எடுக்க முடியாது என்றும், அவை வெளிக்கிடங்கில் இருப்பதால் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும் என்றும் கூறினார். என் மின்னஞ்சலுக்கு வந்த பதிலில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த முறை எண்ணோடு போனேன், கட்டும் வந்தது. அரை நாள் படித்த பிறகே ஒரு கடிதத்தின் தலைப்பில் 1670களின் ஆண்டு ஒன்று கண்ணில் பட்டது. நான் தேடியவர் 1644இலேயே இறந்துவிட்டார். அந்தக் கட்டு, அதே பெயரும் அதே பட்டமும் கொண்ட அவருடைய மகனுடையது. முகப்புக்குத் திரும்பிச் சொன்னபோது, கேட்ட பெயர்தானே வந்திருக்கிறது என்று பதில் வந்தது. அன்றைய கோரிக்கை நேரமும் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே, கோரிக்கைச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் 1598–1644 என்று கட்டாயம் எழுதுங்கள், மகன் 1625–1684.

மூன்றாம் முறை சரியான கட்டு கிடைத்தது. அதில் சுருளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டோவரிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை ஊகம் என்றே குறித்துக்கொண்டேன்; அதை உறுதியாக எழுதிவிடும் ஆசையை அடக்குவதுதான் கடினமாக இருந்தது.

பிறகு பிரிட்டிஷ் நூலகத்தில் பரிந்துரைக் கடிதம், வாசகர் அட்டை, அனுமதி எல்லாம் தடையின்றி முடிந்து, சுருளே என் முன் விரிந்தது. இரண்டரை மீட்டருக்கும் சற்று அதிகமான நீளம். அகலமோ ஒரு சாண். வரிசைக்கு ஆறாக 54 வரிசைகளில் 324 கேடயங்கள், ஒவ்வொன்றின் மேலும் அதற்குரியவரின் பெயர். சுவடி சுருண்டுவிடாமல் அழுத்திவைக்கும் எடைச்சரத்தை நகர்த்தி நகர்த்தி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ரிச்சர்ட் ஃபிட்ஸ் டெரிங் என்ற பெயரில் கண் நின்றது. அப்படி ஒரு வீரர் இருந்ததே இல்லை. தன் குலம் பழமையானது என்று காட்ட, சர் எட்வர்ட் அங்கிருந்த உண்மையான பெயரை அழித்து, இல்லாத மூதாதை ஒருவரை அங்கே நுழைத்துவிட்டார்.

காப்பகத்துத் தாள்களில் மூன்று முறை தேடியும் கிடைக்காத உடைமைச் சான்று அந்த ஒரு கேடயத்தில் இருந்தது: சுருள் எப்படி வந்தது என்பதை அது சொல்லவில்லை, ஆனால் யாரிடம் இருந்தது என்பதைச் சந்தேகமின்றிச் சொன்னது. ஆகவே குடும்பத் தாள்களுக்கு அலைவதற்கு முன்பே சுவடியைப் பாருங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்ததால்தான் இவ்வளவு காலம் போயிற்று.

என் அட்டவணையில் சர் எட்வர்டின் பெயரை உடைமையாளர் பத்தியில் எழுதினேன். அந்தக் கேடயத்துக்கு நேரே, அவர் அழித்த பெயரையே எழுதினேன்: நிக்கோலஸ் டி கிரியோல்.