கிரைண்டர் புல்லியில் படித்த ஃப்ரீகேட்

டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் பலரிடம் இருந்தது கட்டண வரைபட மென்பொருளின் திருட்டு நகல்தான். பென் டிரைவில் கைமாறி வந்தது. கூடவே வந்த வைரஸ் என் புராஜெக்ட் கோப்புகளை விழுங்கிய பிறகு இலவச 3டி வரைபட மென்பொருளான ஃப்ரீகேட் பக்கம் வந்தேன். கொள்கைப் பிடிப்பெல்லாம் இல்லை, கையில் காசில்லை.

முதல் மாதம் வீண். வீடியோவைப் பார்த்து யாரோ வரைந்த பிராக்கெட்டையே திரும்பத் திரும்ப வரைந்தேன். பிறகு, கோவை கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் கிடந்த தேய்ந்த கிரைண்டர் புல்லி ஒன்றை வெர்னியரில் அளந்து வரையத் தொடங்கினேன்.

ஃப்ரீகேட்டில் தேவையான அளவுகளையெல்லாம் கொடுத்து முடித்தால் ஸ்கெட்ச்சின் கோடுகள் பச்சையாகும். அதுவரை இழுத்த பக்கம் ஆடும். பச்சையானதும் பெருமையாகக் காட்டினேன்.

"பெல்ட் உட்காரும் குரூவ் எத்தனை டிகிரி வைத்திருக்கிறாய், கண்ணு?"

"40, மாமா. வி-பெல்ட்டின் கோணம் அதுதானே?"

சிரித்தார். சிறிய புல்லியைச் சுற்றி வளையும்போது பெல்ட்டின் உட்பக்கம் புடைத்து, அதன் கோணம் குறுகிவிடுமாம். அதனால் குரூவ் 34 டிகிரி. அந்த ஓர் எண்ணை மாற்றினேன். புல்லி முழுவதும் தானாகத் திருந்திக்கொண்டது. அளவு கொடுத்து வரைவது எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ போடுங்கள். பழைய பதிப்புகளில் அடிப்படை ஸ்கெட்ச்சைத் தொட்டால், அதன்மேல் கட்டிய துளையும், ஷாஃப்ட் சாவிக்கான பள்ளமான கீவேயும் இடம் மாறிப்போகும். 1.0 அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்துவிட்டது.

வெறும் 2டி வரைபடத்துக்கு லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் போதும். யாரிடமாவது வரைபடம் வாங்கினால் டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கேளுங்கள். ஆட்டோகேடின் கோப்பு வடிவமான டிடபிள்யூஜியோடு மல்லுக்கட்ட வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குச் சர்க்யூட் வரையக் கிகேட், மேட்லேப் என்ற கட்டணக் கணக்கீட்டு மென்பொருளின் பயிற்சிக்கு ஆக்டேவ்; இரண்டும் இலவசம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ் ஒலியிலும் பாடங்கள் கிடைக்கின்றன.

நேர்முகத் தேர்வில் கட்டண மென்பொருளைத்தான் கேட்பார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஸ்கெட்ச், அளவு, எக்ஸ்ட்ரூட் (தட்டை வரைவை 3டி பொருளாக நீட்டுவது) என்ற வரிசை அங்கேயும் அதேதான்; பொத்தான்களின் இடம் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஒன்று மறந்துவிட்டேன். வரைபடத்தை ஏ4 தாளில் 1:1 அளவில் அச்சிடும்போது, தாளுக்குள் பொருத்தும் தேர்வை நீக்கிவிடுங்கள். மாமா தாளின்மேலேயே ஸ்கேலை வைத்துவிட்டு, "புல்லி சுருங்கிவிட்டதே" என்றார்.