மூன்று கோப்புகளும் ஒரு கிளினிக் கொப்பியும்

அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி மூன்றும் உண்டு. விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்திக்குப் போய், அங்கே யாழ்ப்பாண பஸ் பிடித்து, தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் நிபுணர்களைச் சனல் செய்து (காசு கட்டி முன்பதிவு செய்து) காட்டி வந்தோம். சீனிக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். மூவரும் கெட்டிக்காரர்கள், மூவரும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வழியே இல்லை. ஆளுக்கொரு கட்டணம், ஆளுக்கொரு கோப்பு. ஒரே குருதிப் பரிசோதனையை இருவர் தனித்தனியே எழுதித் தர, இரண்டுக்கும் காசு கட்டினோம்.

அம்மாவின் கால் வீங்கிச் சோர்வு கூடியபோது, கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த வைத்தியர் இளம் பெண். "வீட்டில் இருக்கிற மருந்து ஒன்று விடாமல் கொண்டு வாருங்கள்" என்றார். மறுநாள் சொப்பின் பையை அவரது மேசையில் கொட்டினேன். ஒவ்வொரு காகித உறையையும் பிரித்து, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார். இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார். நிறம் வேறு, பெயர் வேறு. "அம்மா, இவை இரண்டும் ஒரே வலி மருந்து, டைக்ளோபினாக்" என்றார். ஒன்று முழங்காலுக்கு நிபுணர் எழுதியது, மற்றது இடுப்பு வலிக்கு ஊரில் ஒரு தனியார் வைத்தியர் கொடுத்தது. பிரஷருக்கான லொசாட்டனோடும் நீர் மாத்திரையோடும் இது சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படக் கூடும் என்று விளக்கினார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவைக் குருதியில் பார்த்தோம், கூடித்தான் இருந்தது. டைக்ளோபினாக்கை நிறுத்திப் பரசிற்றமோலும் இயன்மருத்துவமும் தந்தார். அடுத்த கிளினிக்கில் அந்த அளவு இறங்கியிருந்தது.

அந்த வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிவது கடினமில்லை. அடையாள அட்டை, பழைய நோய் நிர்ணய அட்டைகள், கடைசிப் பரிசோதனை முடிவுகள், கையில் உள்ள எல்லா மருந்தும் வேண்டும். விடியவே போய் இலக்கம் எடுக்க வேண்டும். கூலிக்குப் போகிறவர்களுக்கு அன்றைய சம்பளம் போய்விடும், அதையும் செலவாகவே நான் எண்ணுகிறேன். பிறகு எல்லாம் ஒரு கிளினிக் கொப்பியில் ஏறும். சீனி, பிரஷர், எடை, மருந்து எல்லாம் ஒரே பக்கத்தில். கண்ணின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரிய வந்தது. மூன்று நிபுணர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, அது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் ரொச்செஸ்டர் நகரத்து மாயோ கிளினிக்கில் வைத்தியர்கள் தத்தம் பேரேட்டில் எழுதி வந்ததை மாற்றி, 1907இல் ஹென்றி பிளமர் என்ற வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஓர் இலக்கம், ஒரு கோப்பு என்று ஆக்கினார். அங்கே வைத்தியர்களுக்குச் சம்பளம்தான், கூடுதல் பரிசோதனை எழுதுவதால் கூடுதல் வருமானம் வராது. எங்கள் அரச கிளினிக்கிலும் இவ்விரண்டும் இருக்கின்றன, நாங்கள்தான் அதன் பெறுமதியை உணர்வதில்லை. அதே அமெரிக்காவில் வைத்தியர்கள் பெரிய நிறுவனங்களாகச் சேர்ந்ததும் போட்டி குறைந்து கட்டணம் ஏறிய இடங்களும் உண்டு. ஆகவே ஒரே கூரையின் கீழ் பெயர்ப்பலகைகள் கூடியிருப்பதை மட்டும் பார்த்து நான் இனி நம்பப் போவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கிறாரா என்றுதான் கேட்பேன்.

குறைகளும் உண்டு. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில மருந்துகளை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தந்தார்கள். கொப்பி எங்கள் கையில்தான் இருக்கிறது, தொலைந்தால் எல்லாம் போய்விடும். அம்மாவின் முந்தைய கொப்பி 2009 போர்க்கால இடப்பெயர்வில் போனது, அதனால் சீனி எந்த ஆண்டில் தொடங்கியது என்பதைக்கூட நினைவை வைத்தே எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தங்கைக்கும் அனுப்பிவிடுகிறேன்.

முழங்கால் நிபுணரிடம் இப்போதும் போகிறோம். உள்ளே போனதும் கிளினிக் கொப்பியை அவர் முன்னால் விரித்து, "ஐயா, இதிலேயே எழுதித் தாருங்கள்" என்று கேட்கிறேன். அவர் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்.