எட்டு வாரக் குட்டிக்கு ஏற்பாடுகள்

பெங்களூருக்கு வெளியே, தேவனஹள்ளிக்கு அப்பால் லேப்ரடார் நாய்களை வளர்த்து, குட்டிகளை விற்கும் அந்தப் பெரியவர், நாங்கள் போய் உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகும் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பால்கனிக் கம்பிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, இதற்கு முன் அந்த வீட்டில் நாய் இருந்ததா, இருந்தால் எப்படிச் செத்தது என்று தமிழும் கன்னடமும் கலந்து அவர் கேட்டுக்கொண்டே போனார். வீட்டுக்கடன் கொடுத்த வங்கிகூட என்னை இவ்வளவு துருவியதில்லை.

கடைசிக் கேள்விக்குக் காரணம் பார்வோ என்னும் வைரஸ். நோயுற்ற நாய் போன பிறகும் அது தரையிலும் மூலைமுடுக்கிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்; சோப்புத் தண்ணீருக்கு மசியாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் மசியும். காக்ஸ் டவுனில் எங்களுக்கு முன் அந்த ஃபிளாட்டில் குடியிருந்தவர்களிடம் ஒரு நாய் இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்ததால், என் மனைவி வீடு முழுவதையும் அந்தக் கரைசலால் துடைத்தெடுத்தாள். அதில் என்னுடைய கறுப்புக் கால்சட்டையின் ஓரம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது; அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்களுக்கும் கேட்க வேண்டியவை இருந்தன. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய்க்குட்டிகளை வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பெரியவர் பதிவுச் சான்றிதழை நாங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். கூடவே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் வம்சாவளித் தாளையும் காட்டினார். அதில் குட்டியின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறையும் இரண்டு பக்கத்திலும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. அமாவாசைத் தர்ப்பணத்தில் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லும் இடம் வந்ததும் மல்லேஸ்வரத்துச் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறவன் நான். அந்தத் தாளை அம்மா இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏற்பாடுகளில் எனக்கு நேர்ந்த பெரிய சங்கடம் அம்மாதான், ஆனால் எதிர்ப்பால் அல்ல. நாய் வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்தவருக்குக் கால்நடை மருத்துவர் பட்டியல் எழுதிக் கொடுப்பதா என்பதுதான் அவருடைய மனக்குறை. நாங்கள் மருத்துவர் சொன்ன கூண்டையும், கவிழாத தண்ணீர்க் கிண்ணத்தையும், கடிக்க ரப்பர் பொம்மைகளையும் வாங்கிவந்த அதே நாளில், அவர் வசம்பும் கிரைப் வாட்டரும் வாங்கிவைத்திருந்தார். கூண்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "பச்சக் குழந்தையை யாராவது கூண்டில அடைப்பாளாடா? ஹால்ல ஊஞ்சல் கொக்கி சும்மாத்தானே இருக்கு, என் பழைய நூல்புடவையில தூளி கட்டினா ஆச்சு." நாய்க்குட்டிக்குக் குகை மாதிரி அடக்கமான இடம்தான் பிடிக்கும், தூங்கும் இடத்தை அது அசுத்தம் செய்யத் தயங்கும், அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் வெளியே போகப் பழக்குவார்கள் என்று என் மகள் விளக்கியபோது, "உன் அப்பனுக்கு அந்தத் தயக்கம் ரெண்டு வயசு வரைக்கும் வரலை" என்றார் அம்மா. விவாதம் அத்துடன் முடிந்தது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. பால்குடி மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வரும் என்பதை அம்மா நம்ப மறுத்தார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும், உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்னதை நான் படித்துக் காட்டியபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல் என்றால் அது அமாவாசைச் சமையல்தானே, தினமும் அதையே எல்லோருக்குமாகச் செய்துவிட்டால் போயிற்று என்றார். பாயசத்தில் முந்திரி மட்டும் போதுமாம். குட்டிக்கு முதல் சில வாரங்கள் பெரியவர் கொடுத்துவந்த அதே தீனியைத்தான் கொடுக்க வேண்டும், மாற்றினாலும் சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும் என்பதால், இதில் பாதிக்கப்படப்போவது நான் ஒருவன்தான்.

பெயர் வைப்பதில் அதிக நேரம் போகவில்லை. 'மணி' என்று வைக்கலாம் என மகள் சொன்னாள். தமிழ் நாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் மல்லேஸ்வரத்துச் சித்தப்பாவின் பெயரும் அதுதான். இப்போதைக்குக் குட்டி 'குட்டி' என்றே அழைக்கப்படுகிறது.

வீட்டைக் குட்டியின் கண்மட்டத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்துகள் தெரியும் என்று பெரியவர் சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் முழங்காலில் ஊர்ந்து ஹாலைச் சோதனை போட்டோம். சார்ஜர் ஒயர்கள், ஊக்குகள், தலைமுடிக் கிளிப்புகள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். திவானுக்கு அடியில், சுவரோரமாக, வெள்ளை மாத்திரைகள் ஒரு சிறு குவியலாகக் கிடந்தன. அம்மா தினமும் காலையில் தவறாமல் விழுங்குவதாகச் சொல்லும் இரத்த அழுத்த மாத்திரைகள் அவை. கொஞ்ச நேரம் ஹாலில் யாரும் பேசவில்லை. "நாய் கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும், நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். பால்கனியில் பூஜைக்காக அவர் வளர்த்துவந்த அரளித் தொட்டியும் நச்சுச் செடி என்பதால் அன்றே மொட்டைமாடிக்கு ஏறியது. மாத்திரை விவகாரத்துக்குப் பிறகு அவரால் அதை எதிர்த்துப் பேச முடியவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று கிளம்பினார். இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித் தடுக்க முடியாது என்கிறது என்று அச்செடுத்துக் கொடுத்தோம். அவர் இப்போது குட்டி எப்போது வரும் என்று விசாரிக்கிறார்.

எப்போது என்பதுதான் கேள்வி. குட்டிக்கு எட்டு வாரம் நிறைவது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா பஞ்சாங்கத்தை எடுத்து வாய் திறப்பதற்குள் பெரியவரே தொலைபேசியில் அழைத்து, செவ்வாய்க்கிழமை தன் வீட்டிலிருந்து எதையும் வெளியே அனுப்பும் வழக்கமில்லை என்றார். இருவரும் கலந்து பேசி, புதன் அஷ்டமி, வியாழன் நவமி என்று தள்ளி, வெள்ளிக்கிழமை தசமியில் வந்து நின்றார்கள். வெள்ளியன்று பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். எந்த நேரத்தில் புறப்பட்டாலும் ஹெப்பாள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்வோமே என்று நான் சொன்னதற்கு, பெரியவர் வீட்டு வாசலைக் குட்டி தாண்டும் நேரம்தான் கணக்கு, ஹெப்பாளில் நல்ல நேரம் கெட்ட நேரம் என்ற பேதமே கிடையாது என்று அம்மா தீர்ப்பளித்தார்.

இனி துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாயைப் பிரிந்து வரும் குட்டி முதல் இரவுகளில் அழும் என்பதால், தாயின் வாசனை ஏறிய துணியைக் கூண்டில் விரித்துவைப்பது வழக்கம். நாங்கள் ஓர் ஈரோட்டுத் துண்டைப் பெரியவரிடம் கொடுத்திருந்தோம். அவர் அதைத் தாய்நாயும் குட்டிகளும் படுத்துப் புரளும்படி போட்டுவைத்து, வியாழக்கிழமை நகருக்கு வந்த பையனிடம் பாலித்தீன் பையில் கட்டி அனுப்பினார். அதன் வாசனை லிஃப்டிலேயே எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கூண்டில் பக்குவமாக விரித்தாள்.

மாலையில் பார்த்தால் துண்டு பால்கனிக் கொடியில், எலுமிச்சை மணக்க, பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது. வேலைக்கு வரும் அக்கா அதை சோப்பில் ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசியிருந்தார். மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னம்மா இது, நாளைக்கு நாய்க்குட்டி வருது. இவ்வளோ நாத்தம் புடிச்ச துணியை விரிச்சு வெச்சா, அது நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

பெரியவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, வேறொரு துணியைக் காலையில் குட்டியோடு சேர்த்தே தருவதாகவும், அதுவரை அந்த அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துவிடும்படியும் சொன்னார்.